தன் சம்பளத்தைத் தானே எழுதும் பேனா யாருக்கும் வேண்டாம்

 

நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். பதுளை, பசறை, ஹாலிஎல, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை பக்கம் கடை வைத்திருப்பவர், தோட்டத்தில் பெயர் போடுபவர், பாடசாலையில் சோக் பிடிப்பவர் எல்லோருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

விஷயம் இதுதான். இலங்கை மத்திய வங்கி தன் ஊழியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை சம்பளத்தைத் திருத்துகிறது. கடைசித் திருத்தம் 2024 முதல் 2026 வரைக்குமானது. அதாவது இந்த வருடத்தோடு அந்தக் கணக்கு முடிகிறது. அடுத்த மூன்று வருடத்துக்கு யாருக்கு எவ்வளவு என்பதைப் பேசும் காலம் வந்துவிட்டது. போன தடவை எல்லாம் முடிந்த பிறகுதான் நாட்டுக்குத் தெரிந்தது. இந்தத் தடவை முடிய முன்பே பேசுவோம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

போன தடவை என்ன நடந்தது? மறந்தவர்களுக்காகச் சொல்கிறோம்.

2024 ஜனவரி 1ஆம் திகதி வற் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. பால்மாவும் கொப்பியும் பேனையும் பஸ் டயரும் விலை ஏறிய அதே மாதத்திலிருந்துதான் மத்திய வங்கியின் புதிய சம்பளமும் அமுலுக்கு வந்தது. பெப்ரவரியில் செய்தி வெளியானது. சில தரங்களுக்கு 70 சதவீதம் அளவுக்கு உயர்வு. பாராளுமன்றத்தில் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் சத்தம் போட்டார்கள். அரசாங்க நிதி பற்றிய குழுவுக்கு மத்திய வங்கி அதிகாரிகள் அழைக்கப்பட்டார்கள். பிறகு அதை மீளாய்வு செய்ய ஒரு குழுவும் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் சம்பளம் கூடியது, அப்புறம்தான் கேள்வி வந்தது. எங்கள் மாணவன் பரீட்சை எழுதி, தானே புள்ளி போட்டு, தானே ரிப்போர்ட்டில் கையொப்பமும் வைத்த பிறகு அதிபரைக் கூப்பிட்டு விசாரிப்பது போன்ற கதை அது.

அதே வருடம் அரச ஊழியருக்கு என்ன கிடைத்தது? வாழ்க்கைச் செலவுப் படி 7,800 ரூபாவிலிருந்து 17,800 ரூபாவாகும் என்று வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். 10,000 ரூபா. அதையும் இரண்டாகப் பிரித்துத் தந்தார்கள். அடிப்படைச் சம்பளத்தில் ஒரு சதமும் இல்லை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போதும் 2021இல் வந்த அதே 1,000 ரூபாதான்.

ஒரு தப்பபிப்பிராயத்தை முதலிலேயே தீர்த்து விடுகிறோம். ஆளுநர் தன் கையால் தன் சம்பளத்தை எழுதிக்கொண்டார் என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டத்தை மீறினார்கள் என்றும் சொல்லவில்லை. எங்கள் சண்டை இன்னும் ஆழமானது. அவர்கள் செய்தது சட்டப்படியே செய்யக்கூடியதாக இருந்தது என்பதுதான் எங்கள் முறைப்பாடு.

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அந்த வருடம் செப்டம்பரில் அமுலுக்கு வந்தது. பழைய நாணயச் சபையில் திறைசேரிச் செயலாளருக்கு ஓர் ஆசனம் இருந்தது. புதிய ஆளும் சபையில் அது இல்லை. அரசியல்வாதி காசு அச்சடிக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லும் பலம் வங்கிக்கு வேண்டும் என்பதற்காக அந்தச் சுதந்திரம் கொடுக்கப்பட்டது. நியாயமான காரணம். 2022இல் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்ற ஜனம் அந்தச் சுதந்திரத்தை எதிர்க்காது. ஆனால் அது வட்டி வீதத்துக்கும் பணவீக்கத்துக்குமான சுதந்திரம். அதே சுதந்திரத்தைக் கொண்டு ஒரு நிறுவனம் தன் மேலதிகாரிகளின் சம்பளத்தையும் தன் வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று வந்தால், அது நீதவானுக்குக் கொடுத்த சுதந்திரத்தை வைத்து அவர் தன் வீட்டு வழக்கையும் தானே விசாரிப்பது மாதிரி.

இப்போது எங்கள் பக்கத்து மேசைக்கு வருவோம். எங்களுக்கெல்லாம் சம்பளம் எப்படி நிர்ணயமாகிறது?

ஆசிரியர்களை எடுங்கள். 1997இல் பி.சி. பெரேரா ஆணைக்குழுவின் சம்பளத் திட்டம் வந்தபோது ஆசிரியர், அதிபர் சேவைகள் மற்ற சமதரச் சேவைகளுக்குக் கீழே தள்ளப்பட்டன. அன்றிலிருந்து அதற்குப் பெயர் சம்பள முரண்பாடு. அன்று முதலாம் ஆண்டில் இருந்த பிள்ளை பெரியாளாகி, ஆசிரியராகி, அதே முரண்பாட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. எங்களில் பலர் அந்தப் பிள்ளைகள்தான். 2021 ஜூலை 12ஆம் திகதி ஒன்லைன் கற்பித்தலிலிருந்து விலகி ஒக்டோபர் வரை போராடினோம். சுபோதினி குழு சிபாரிசு செய்த உயர்வில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியிலிருந்து வந்தது. மீதி மூன்றில் இரண்டைக் கேட்டு 2024 ஜூன் 26ஆம் திகதி கொழும்புக்குப் போன ஆசிரியர்களுக்குக் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்த் தாரையும் கிடைத்தன. 70 சதவீதம் ஏறிய அதே வருடம். அதே கொழும்பு.

2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ரூபாவானது. நல்ல விஷயம், நன்றி சொல்கிறோம். ஆனால் அந்த உயர்வை 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று மூன்று தவணையாகப் பிரித்தார்கள். நாடு வங்குரோத்திலிருந்து எழும்புகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பொறுத்துக்கொண்டோம். மத்திய வங்கிக்கு யாராவது தவணை முறை சொன்னார்களா?

இனித் தோட்டத்துக்கு வருவோம். எங்கள் வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளின் அம்மாமார் கொழுந்து எடுக்கும் மலைகள்.

அவர்களுக்கும் கூட்டு ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. 2013இல் எல்லாப் படியும் சேர்த்து 620 ரூபா. அது 2015 மார்ச்சில் முடிந்தது. அடுத்த ஒப்பந்தம் 2016 ஒக்டோபரில்தான் கையொப்பமானது. ஒன்றரை வருடம் பிந்தி. கிடைத்தது 730 ரூபா. மூன்று வருடத்துக்குப் பிறகு 110 ரூபா, கணக்குப் பார்த்தால் 18 சதவீதத்துக்கும் குறைவு. பிந்திய மாதங்களுக்கான நிலுவை கிடைக்கவில்லை. 2019இல் அடிப்படை 700, விலைக் கொடுப்பனவு 50, ஆக 750. அதன் பிறகு கூட்டு ஒப்பந்தமே இல்லாமல் போய், 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024 மே தினத்தில் 1,700 என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் மறுபடியும் நீதிமன்றம் போயின, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. கடைசியில் செப்டம்பரில் 1,350 ரூபா என்று நின்றது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்குவதாகவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் இன்னும் 200 ரூபா தருவதாகவும் அறிவித்தார்கள்.

அந்த 1,350 ரூபாவுக்கு மாதம் 25 நாள் பெயர் விழுந்தால் 33,750 ரூபா. 25 நாளும் வேலை கொடுத்தால்தான் அதுவும். கிலோ குறைந்தால் அரைப்பேர். மழை வந்து மலை சரிந்தால் அந்த நாளும் இல்லை.

கூட்டு ஒப்பந்தம் என்ற அதே சொல் இரண்டு இடத்திலும் இருக்கிறது. ஓரிடத்தில் அது நேரத்துக்கு வருகிறது, 70 சதவீதம் வரைக்கும் போகிறது. இன்னோரிடத்தில் ஒன்றரை வருடம் பிந்தி வந்து, நிலுவையைத் தின்றுவிட்டு, கடைசியில் காணாமலே போய்விட்டது. ஏன் இந்த வித்தியாசம்? கொழுந்து எடுப்பவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் அவர் சம்பளத்தைக் குறைத்தால் லாபம் அடைபவர். மத்திய வங்கி அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் அதே வீட்டுக்காரர். கூட்டினால் அவர் மடியிலிருந்து எதுவும் போவதில்லை. ஒருவருக்கு எதிராளி அதிகம், மற்றவருக்கு எதிராளியே இல்லை. இரண்டு மேசையிலும் நடுவர் கிடையாது.

சம்பளத்தைப் போலவே தரமும். இதைப் பலர் பேசுவதில்லை.

மேலே இருக்கும் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அவருக்கேற்ற தரம், அதற்கேற்ற படி, வாகனம், சலுகைக் கடன் எல்லாம் உண்டாகும். கீழே என்ன நடக்கும்? தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடத்தை நிரப்ப 2014, 2015 காலத்தில் எடுத்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஊவாவிலும் நிறையப் பேர். அவர்களுக்கு ஆசிரியர் என்ற தரத்தைக் கொடுக்கவில்லை. ஆசிரியர் உதவியாளர் என்று புதிதாக ஒரு பெயர் வைத்தார்கள். மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு. கத்திக் கத்தி அது 10,000 ஆனது. முழு நேர அட்டவணை, முழு வகுப்பு, முழுப் பொறுப்பு, ஆனால் தரம் மட்டும் பாதி. அவர்கள் பயிற்சிக் கலாசாலைக்குப் போய், முடித்து, சேவைக்குள் உள்வாங்கப்படும் வரை பஸ் காசுக்கும் போர்டிங் காசுக்கும் வீட்டிடம் கை நீட்டினார்கள். எங்கள் ஆசிரியர் அறைகளில் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள்.

ஆக இந்த நாட்டில் தரம் என்ற ஒன்று இரண்டு வேலைக்குப் பயன்படுகிறது. மேலே, கூடக் கொடுப்பதற்கு ஒரு காரணமாக. கீழே, குறைத்துக் கொடுப்பதற்கு ஒரு காரணமாக.

இனி மறுபக்கம் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுப்போம். ஓடி ஒளிய மாட்டோம்.

ஒன்று: நிபுணர்கள் நாட்டை விட்டுப் போகிறார்கள், பிடித்து வைக்கச் சம்பளம் வேண்டும்.

உண்மை. 2022க்குப் பிறகு மத்திய வங்கியிலிருந்தும் ஆட்கள் போனார்கள். மறுக்கவில்லை. ஆனால் யார்தான் போகவில்லை? டொக்டர் போனார். தாதி போனார். ஐந்து வருடம் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு ஆசிரியர்கள் போனார்கள். லயத்திலிருந்து இளசுகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள், கொழுந்தெடுக்க ஆளில்லை என்று கம்பனியே சொல்கிறது. ஆள் போவதுதான் சம்பளம் கூட்டக் காரணமென்றால் அந்தக் காரணம் எல்லோரிடமும் இருக்கிறது. மத்திய வங்கியிடம் மட்டும் அந்தக் காரணத்தைக் காசாக்கும் அதிகாரமும் சேர்ந்து இருக்கிறது.

இரண்டு: இது வரிப்பணம் இல்லை, வங்கியின் சொந்த வருமானம்.

மத்திய வங்கி தேயிலை விற்கிறதா, ரெடிமேட் கடை நடத்துகிறதா? அதன் வருமானத்தில் பெரும்பகுதி அது வைத்திருக்கும் பிணையங்களின் வட்டியிலிருந்து வருகிறது. அரசாங்கப் பிணையத்துக்கு வட்டி கட்டுவது திறைசேரி. திறைசேரிக்குக் காசு கொடுப்பது நாம். காசு அச்சடிக்கும் உரிமை இந்த நாட்டு மக்கள் எல்லோருடையது, அதை வங்கியிடம் அமானிதமாகக் கொடுத்திருக்கிறோம். அதில் மிஞ்சும் லாபம் திறைசேரிக்குத் திரும்ப வேண்டியது. உள்ளே ஒரு ரூபா கூடச் செலவானால் வெளியே ஒரு ரூபா குறையும். அமானிதப் பொருளை என் சொந்தச் சம்பாத்தியம் என்று சொன்னால் எங்கள் மார்க்கத்தில் அதற்கு வேறு பெயர்.

மூன்று: நாட்டை மீட்டவர்கள் அவர்கள்தானே, பணவீக்கத்தை அடக்கினார்களே.

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். பிறகு அது ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. அதில் மத்திய வங்கியின் பங்கு பெரியது, மறுக்க மாட்டோம். ஆனால் 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் என்ன சொன்னது? பொருளாதாரம் சரிந்ததற்கு முன்னாள் ஜனாதிபதிகள், நிதி அமைச்சர் ஆகியோரோடு மத்திய வங்கியின் இரண்டு முன்னாள் ஆளுநர்களும் நாணயச் சபையும் பொறுப்பு, பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. ஆட்கள் மாறிவிட்டார்கள், சரி. ஆனால் நிறுவனம் அதே நிறுவனம். வீழ்ந்ததற்கு முன்னாள் அதிகாரிகள் பொறுப்பு, எழுந்ததற்கு இன்னாள் அதிகாரிகளுக்குப் பரிசு, நடுவில் பட்டினி கிடந்தவனுக்கு மட்டும் தவணை முறையா?

எழுந்ததற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. வங்கிகள் தங்கள் கையில் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதியைத் தொட்டார்கள். அந்த நிதியிடமிருந்த பழைய முறிகளுக்குப் பதிலாகப் புதிய முறிகள், 2025 வரை 12 சதவீத வட்டி, அதற்குப் பிறகு 9 சதவீதம். சம்மதிக்காவிட்டால் அந்த நிதிகளின் வருமான வரி 14இலிருந்து 30 சதவீதமாகும் என்று வைத்தார்கள். ஈ.பி.எஃப். யாருடைய காசு? மலையில் நாற்பது வருடம் கொழுந்தெடுத்து, கால் தேய்ந்து, ஐம்பத்தைந்து வயதில் அந்த ஒரு காசை நம்பி லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவின் காசு. தனியார் கடையில் நிற்கும் எங்கள் தம்பிமாரின் காசு. அதை முகாமை செய்வது யார்? அதே மத்திய வங்கி. பெரியம்மாவின் வட்டியைக் குறைத்து ஆறு மாதத்தில் முகாமையாளரின் சம்பளம் கூடியது. இரண்டும் வேறு வேறு கணக்கு என்று புத்தகத்தில் இருக்கலாம். ஜனத்தின் மனதில் அது ஒரே கணக்குத்தான்.

நான்கு: சம்பளத்தை வெளியார் தீர்மானித்தால் சுதந்திரம் போய்விடும்.

அமெரிக்காவைப் பாருங்கள். உலகத்தின் வட்டி வீதத்தையே ஆட்டுவிக்கும் அவர்களது மத்திய வங்கியின் தலைவருக்குச் சம்பளம் எவ்வளவு என்பதை அந்நாட்டுக் காங்கிரஸ் போட்ட சட்டத்தின் சம்பள அட்டவணை தீர்மானிக்கிறது. அவருக்குக் கீழ் வேலை செய்யும் சிலர் அவரை விடக் கூட எடுக்கிறார்கள். அதனால் அவர் சுதந்திரம் இழந்தார் என்று யாரும் சொல்வதில்லை. பக்கத்து இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்களுக்குச் சம்பள ஆணைக்குழு. ஏழாவது ஆணைக்குழுவின்படி 2016 ஜனவரியிலிருந்து அடியில் இருக்கும் ஊழியருக்கு 18,000 ரூபாய், உச்சியில் இருக்கும் அமைச்சரவைச் செயலாளருக்கு 2,50,000 ரூபாய். அங்கேயும் சண்டை இருக்கிறது, ஆகக் குறைந்தது 26,000 வேண்டுமென்று தொழிற்சங்கங்கள் கேட்டன. ஆனால் கடைநிலை ஊழியரையும் செயலாளரையும் ஒரே ஆணைக்குழு, ஒரே அறிக்கையில், ஒரே நாளில் எழுதுகிறது. இடைவெளி எத்தனை மடங்கு என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், கிட்டத்தட்ட 14. எங்கள் நாட்டில் அந்தக் கணக்கை யாராவது ஒரு காகிதத்தில் காட்டுவார்களா?

எங்கள் மார்க்க வரலாற்றிலும் இதற்குப் பதில் இருக்கிறது. அபூபக்கர் (ரலி) அவர்கள் துணி வியாபாரி. கலீஃபாவாகப் பொறுப்பேற்ற பிறகும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்கள், குடும்பம் சாப்பிட வேண்டுமே என்று. உமர் (ரலி) அவர்கள் தடுத்து, பொதுநிதியைப் பார்த்த அபூஉபைதா (ரலி) அவர்களிடம் கூட்டிப் போனார்கள். அங்கேதான் அவர்களுக்குரிய கொடுப்பனவு முடிவானது. கவனியுங்கள்: ஆட்சியாளருக்குச் சம்பளம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டும் என்றார்கள். ஆனால் தொகையைச் சொன்னது வாங்குபவர் அல்ல.

பிறகு உமர் (ரலி) அவர்கள் திவான் ஏற்படுத்தித் தரம் பிரித்துக் கொடுத்தபோது, தன் மகன் அப்துல்லாஹ்வுக்கு உஸாமா (ரலி) அவர்களை விடக் குறைத்து வைத்தார்கள். மகனே கேட்டும் மாற்றவில்லை. உஸாமா யார்? அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஸைத் (ரலி) அவர்களின் மகன். தரம் வேண்டும், வித்தியாசமும் இருக்கலாம். ஆனால் தரத்தை எழுதும் கை தன் வீட்டுப் பக்கம் சாயக் கூடாது. வியர்வை உலர முன் கூலி கொடுக்க வேண்டும் என்று ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஸ்பிரிங்வெலித் தோட்டத்தின் வியர்வைக்கும் அது பொருந்தும், கொழும்பு ஏசி அறைக்கு மட்டும் அல்ல.

சிலர் கேட்பார்கள், உங்களுக்கு இது வயிற்றெரிச்சலா என்று. இல்லை. மத்திய வங்கிக்குக் கெட்டிக்காரப் பிள்ளைகள் வேண்டும். எங்கள் பதுளைப் பிள்ளைகளே அங்கே போக வேண்டும், நல்ல சம்பளம் எடுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. அதற்காகத்தானே படிப்பிக்கிறோம். குருத்தலாவைப் பிள்ளையும் தம்பேத்தன்னைப் பிள்ளையும் ஒருநாள் அந்த ஆளும் சபையில் உட்காரட்டும், இன்ஷா அல்லாஹ். அவர்களும் தங்கள் சம்பளத்தைத் தாங்களே எழுதக் கூடாது என்பதுதான் எங்கள் வாதம். ஆளைப் பற்றிய வழக்கில்லை இது.

இன்னும் சிலர் சொல்வார்கள், கொழும்பு விஷயம், நமக்கேன் என்று. 2025 செப்டம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளின் சிறப்புரிமைகளைப் பாராளுமன்றம் ஒரு சட்டத்தோடு நீக்கியது. வீடு போனது, வாகனம் போனது. நாட்டை ஆண்டவர்களின் வீட்டையே பகிரங்கமாகப் பேசி முடிவெடுக்க முடிந்ததென்றால், ஓர் அரச நிறுவனத்தின் உயர் அதிகாரிகளின் சம்பளத்தைப் பகிரங்கமாகப் பேச ஏன் முடியாது? பேசாமல் விட்டால் 2027 ஜனவரியில் மறுபடியும் பத்திரிகையில்தான் தெரிந்துகொள்வோம்.

ஆகவே நாங்கள் கேட்பது நான்கே விஷயம்.

முதலாவது, மத்திய வங்கி மட்டுமல்ல, தன் சம்பளத்தைத் தன் சபையிலேயே தீர்மானிக்கும் எந்த அரச நிறுவனமானாலும், அதன் உயர் பதவிகளுக்கான சம்பளமும் தரமும் வெளியே இருக்கும் ஒரு சுயாதீனக் குழுவால் சிபாரிசு செய்யப்பட வேண்டும். அந்தக் குழுவில் அந்த நிறுவனத்தில் வேலை செய்பவரோ, அங்கே ஓய்வூதியம் எடுப்பவரோ இருக்கக் கூடாது. சிபாரிசு முதலில் பாராளுமன்றத்துக்குப் போக வேண்டும், அமுல் பிறகு. வட்டி வீதத்தில் யாரும் கை வைக்க வேண்டாம்.

இரண்டாவது, சம்பள அட்டவணை மூன்று மொழியிலும் பகிரங்கமாக இருக்க வேண்டும். எங்கள் அட்டவணை சுற்றறிக்கையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அவர்களதும் இருக்கட்டும். உச்சிச் சம்பளம் அடிச் சம்பளத்தின் எத்தனை மடங்கு என்பதும் அதில் எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, மேலே மூன்று வருடத்துக்கு ஒரு தடவை திருத்தம் நிச்சயமென்றால், கீழேயும் ஒரு திகதி நிச்சயமாக வேண்டும். தோட்டச் சம்பளம் தேர்தலுக்குத் தேர்தல், மே தினத்துக்கு மே தினம் ஏலம் போடும் பொருளாக இருக்கக் கூடாது. விலைவாசியோடு இணைத்த ஒரு கணக்கு, பிந்தினால் நிலுவையோடு.

நான்காவது, சமமான வேலைக்குப் பாதித் தரம் என்ற ஏற்பாடு இனி எந்தச் சேவையிலும் வேண்டாம். உதவியாளர், பயிலுநர், தற்காலிகம் என்று பெயர் வைத்து முழு வேலை வாங்கும் பழக்கம் எங்கள் மலையகப் பாடசாலைகளில் மறுபடியும் தலை காட்டக் கூடாது. சுபோதினியின் மீதி மூன்றில் இரண்டையும் நாங்கள் மறக்கவில்லை.

பதுளை மாவட்டத்திலிருந்து 9 பேர் பாராளுமன்றம் போகிறார்கள். அவர்கள் கல்யாண வீட்டுக்கும் மையத்து வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வரும்போது நாம் கேட்பதெல்லாம் பாதைக்குத் தாரும் பாலத்துக்குச் சீமெந்தும்தான். இந்தத் தடவை இதையும் கேளுங்கள்: 2027 சம்பளத் திருத்தம் பாராளுமன்றத்துக்கு வருமா, வராதா? ஆம் அல்லது இல்லை என்று ஒரே பதிலாக வாங்குங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்கள், கோயில் சபைகள், தோட்டத் தலைவர்மார், ஆசிரியர் சங்கக் கிளைகள், வர்த்தகச் சங்கங்கள் ஒரு கடிதம் எழுதினால் போதும். கடிதத்தை மூன்று மொழியிலும் எழுதித் தர நாங்கள் தயார், காசு கேட்க மாட்டோம்.

சிங்கள நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். ஈ.பி.எஃப். வட்டி குறையும்போது இனம் பார்த்துக் குறையவில்லை. ஜூன் 26இல் கண்ணீர்ப்புகை பெயர் கேட்டு அடிக்கவில்லை.

மேலதிகாரிக்கு நல்ல சம்பளம் கொடுங்கள். தொகையை வேறொருவர் சொல்லட்டும், நாடு பார்க்கச் சொல்லட்டும். அவ்வளவுதான் கேட்கிறோம்.

உடன்படாதவர்கள் கீழே எழுதுங்கள், மரியாதையோடு பதில் தருவோம். உடன்படுபவர்கள் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.